பாடாங் செராயில் இருந்துகொண்டு சொந்த பிசிபி: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

கெடா மாநிலத்தின் பாடாங் செராய், விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற தோட்டங்களை அண்டியிருக்கும் சிறு பட்டணம். செம்பனையும் ரப்பரும் நிற்கும் இந்த வட்டாரத்திலிருந்து சற்றே தள்ளி, 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் கணினிச் சில்லுகளைத் தாங்கும் அடிப்பலகைகளைச் செய்யும் ஆலை ஒன்றையே 2024இல் அங்கே திறந்தது. ஆயினும், பொழுதுபோக்காக மின்னணுவியலில் ஈடுபடும் ஒருவர் தாமே வரைந்த சர்க்கியூட்டுக்கு ஐந்து பிசிபிகள், அதாவது பாகங்களைத் தாங்கிச் செம்புத் தடங்களால் இணைக்கும் மின்சுற்றுப் பலகைகள், வேண்டுமென்று அந்தப் பூங்காவின் வாயிலில் போய் நின்று பயனில்லை. அங்குள்ள ஆலைகள் பெரிய நிறுவனங்களின் பெருந்தொகை ஆணைகளுக்காக இயங்குபவை. நமக்கு மிஞ்சுவன நான்கு வழிகள்: துளைகளோடு ஆயத்தமாக விற்கப்படும் டோனட் போர்டில் கம்பி இழுத்துச் சமாளிப்பது, செம்புத் தகட்டை வீட்டிலேயே ரசாயனத்தில் அரித்தெடுப்பது, சிறு இயந்திரத்தால் செதுக்குவது, அல்லது வரைபடக் கோப்பினை இணையத்தில் அனுப்பிச் சீனாவின் ஷென்ஷெனில் செய்வித்து வரவழைப்பது.

இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முடிவு தவறாகப் போகும் என்பது என் கருத்து. சிறிய பலகை ஒன்றின் செலவு, இயந்திரம் வாங்கும் வழியைத் தவிர்த்தால், எந்த வழியிலும் சில வெள்ளியிலிருந்து (மலேசிய ரிங்கிட்) சில பத்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். உண்மையான வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது: வரைபடத்தில் பிழை இருப்பது தெரிந்தபின் அடுத்த பலகை கைக்கு வர எத்தனை நாளாகும், நம் ஊரின் ஈரக்காற்றில் அந்தப் பலகை எத்தனை ஆண்டு தாங்கும், வேலை முடிந்தபின் வீட்டில் என்ன கழிவு மிஞ்சும். இந்த மூன்றிலும் முதலாவதுதான் பெரிது. முதல் வரைபடமே பிழையின்றி அமைவது அரிது என்பதால், எந்த வழியில் எந்தப் பிழையை எவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியும் என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒப்பீடு பொதுப்பேச்சாகப் போய்விடாமலிருக்க ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். கூரைத் தொட்டியில் நீர்மட்டம் இறங்கியதும் பம்பை இயக்கி, தொட்டி நிரம்பியதும் நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பலகை அது. அதில் நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லான ஏடிமெகா328 மைக்ரோகண்ட்ரோலர், இரண்டு மிதவைச் சுவிட்சுகளுக்கான இணைப்புகள், 230 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் தரும் 3 வாட் ஹைலிங்க் மின்வழங்கி, சிறு மின்னோட்டத்தால் பம்பின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே ஆகியவை இருக்கும். பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் இழுக்கும். ஏடிமெகாவின் ஒரு கால் தாங்கும் உச்சவரம்போ 40 மில்லிஆம்பியர்தான். எனவே சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரியதைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் ஒன்று இடையிலும், சுருளை நிறுத்தும்போது எழும் மின்னழுத்தத்தை அடக்க ஒரு டையோடும் சேர வேண்டும். எல்லாம் சேர்ந்தும் சிறிய சர்க்கியூட்தான். ஆனால் விரலால் தொடக்கூடிய 5 வோல்ட்டும் உயிரைப் பறிக்கக்கூடிய 230 வோல்ட்டும் ஒரே பலகையில் அருகருகே குடியிருக்கின்றன.

டோனட் போர்டும் அதன் எல்லையும்

வளையம் வளையமாகச் செம்பு பதித்த டோனட் போர்டு பட்டணத்து மின்னணுக் கடையிலும் கிடைக்கும், ஷாப்பி இணையச் சந்தையிலும் கிடைக்கும். கோலப் புள்ளிகளைப் போல வரிசை பிசகாமல் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் இருப்பதால், இரு வரிசைக் கால்கள் கொண்ட பழைய டிப் வகைச் சில்லுகள் அதில் அப்படியே உட்காரும். எந்த மென்பொருளும் கற்க வேண்டியதில்லை. காலையில் நினைத்ததை மாலையில் இயக்கிப் பார்க்கலாம். தவறான இணைப்பை ஈயத்தை உருக்கி எடுத்து மாற்றலாம். பிழை திருத்தும் வேகத்தில் நான்கு வழிகளுள் இதற்கு ஈடானது வேறில்லை. ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகியே சர்க்கியூட் கட்டும் பிரெட்போர்டு இதைவிட வேகமானதுதான். ஆனால் அதன் பிடிப்புகள் நாளாக ஆகத் தளர்ந்துவிடும் என்பதால் சோதனைக்கு மட்டுமே அது ஏற்றது, கூரைக்கடியில் ஆண்டுக்கணக்கில் வைப்பதற்கு ஏற்றதன்று.

இந்த வழியின் எல்லை 230 வோல்ட் பக்கத்தில் தெரிகிறது. அடுத்தடுத்த இரண்டு வளையங்களுக்கிடையே இருக்கும் வெற்றிடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வீட்டு மின்சாரத்திற்கும் 5 வோல்ட் பக்கத்திற்கும் இடையே 6 மில்லிமீட்டராவது விடாமல் நான் எதையும் வரைவதில்லை. டோனட் போர்டில் அதைப் பெற வேண்டுமானால் பல வரிசை வளையங்களைக் கத்தியால் சுரண்டி அகற்ற வேண்டும். ஒரு வளையம் தப்பினாலும் பாதுகாப்பு போய்விடும். ஆகவே ஒரே ஒரு கருவிதான் தேவை என்பவர், மைக்ரோகண்ட்ரோலரை மட்டும் டோனட் போர்டில் வைத்துக்கொண்டு, ரிலேயையும் மின்வழங்கியையும் ஆயத்தமாக விற்கப்படும் தனித்தனிப் பலகைகளாக வாங்கி இணைப்பது நல்லது. பினாங்கின் செபராங் பிறையில் இயங்கும் சைட்ரான் போன்ற கடைகளில் அத்தகைய பலகைகள் கிடைக்கின்றன. சொந்த பிசிபி வேண்டும் என்ற ஆசையோடு படிக்கத் தொடங்கியவருக்கு இது சுவையற்ற அறிவுரையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஒரு கருவிக்குச் சொந்தப் பலகை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

எந்த வழியில் பலகை செய்தாலும் ஒன்று மாறாது: வீட்டின் நிலையான மின்கம்பியோடு இதை இணைக்கும் வேலையைப் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் விட வேண்டும்.

வீட்டிலேயே அரித்தெடுத்தல்

பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த பலரும் தம் முதல் பலகையை இம்முறையில்தான் செய்திருப்பர். வரைபடத்தை லேசர் அச்சுப்பொறியில் வழவழப்பான தாளில் அச்சிட்டு, அதைச் செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால், அச்சுப்பொறியின் கருந்தூள் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மை பீய்ச்சும் அச்சுப்பொறி இதற்கு உதவாது. பின்பு பெர்ரிக் குளோரைடு கரைசலில் தகட்டை அமிழ்த்தி ஆட்டினால், கருந்தூள் மூடாத செம்பு கரைந்து தடங்கள் மட்டும் நிற்கும். கரைசலை மிதமாகச் சூடாக்கினால் வேலை விரைவாகும். புதிதாகச் செய்பவர் குழம்பும் இடம் ஒன்றுண்டு: கீழ்ப்பக்கத் தடங்களை மென்பொருள் காட்டும்படி, அதாவது மேலிருந்து பலகையை ஊடுருவிப் பார்ப்பதுபோல, திருப்பாமல் அச்சிட வேண்டும், தாளைக் கவிழ்க்கும்போது அது தானாகவே இடவலம் மாறிக்கொள்ளும்.

இதன் வலிமை, ஒரே மாலையில் பலகை கைக்கு வருவது. ஆனால் அந்த ஒரே மாலை என்ற பேச்சு, தாள், சூடு, அழுத்தம் மூன்றும் பழகியவருக்கே பொருந்தும். தொடங்குபவருக்குத் தடம் பாதி ஒட்டிப் பாதி உரிந்து வருவது வழக்கம். தடங்களை 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிதாக்கினால் நம்பிக்கை குறைகிறது. ஆலைப் பலகையில் துளையின் உட்சுவரிலும் செம்பு படிந்து மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் இணைக்கும். வீட்டுப் பலகையில் அது கிடையாது என்பதால், இரண்டு பக்கத் தடங்கள் தேவைப்படும் ஒவ்வோர் இடத்திலும் துண்டுக் கம்பியைச் செருகி இருபுறமும் ஈயம் வைக்க வேண்டும். துளைகள் அனைத்தையும் 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் துளையிடும் அலகால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நம் பம்புப் பலகையை ஒரே பக்கத்தில் வரைந்துவிட முடியும் என்பதால் இவை யாவும் தாங்கக்கூடிய தொல்லைகளே.

தாங்க முடியாதவை வேறு இரண்டு. முதலாவது, மேலே காப்புப் பூச்சு இல்லாத வெறுஞ்செம்பு. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்திருக்கும் இந்த நாட்டில், கூரைக்கடியில் வைத்த வெறும்பலகை விரைவிலேயே கறுத்து, பிறகு பச்சை பூக்கத் தொடங்கும். புறஊதா ஒளியில் இறுகும் பச்சைப் பூச்சு விற்கப்படுகிறது. அதைச் சீராகத் தடவக் கற்பது இன்னொரு தொழில். இரண்டாவது, கரைசல். பெர்ரிக் குளோரைடு தொட்டதையெல்லாம் மஞ்சட்பழுப்பாகக் கறைப்படுத்துவதும், எவர்சில்வர் தொட்டியை அரிப்பதும் சிறிய குறைகள். பயன்படுத்தி முடித்த கரைசலில் கரைந்திருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதே பெரிய குறை. நம் வீடுகளின் பின்புறக் கால்வாய் நேரே ஓடைக்குப் போகிறது, அங்கே மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தன்மையைப் போக்கினால் செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். ஆனால் அந்தச் சேறும் குப்பைத் தொட்டிக்குரியதன்று. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் ஆலைகளின் இத்தகைய கழிவு உரிமம் பெற்ற இடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்கின்றன. வீட்டில் மிஞ்சும் ஒரு புட்டியை வாங்கிப்போக வாசலுக்கு வண்டி எதுவும் வருவதில்லை. இதை எண்ணிப் பார்க்கும்போது, கற்றுக்கொள்ளும் ஆர்வத்திற்காக ஒருமுறை செய்து பார்ப்பதைத் தாண்டி அரித்தெடுத்தலுக்கு இன்று நியாயம் குறைவு என்றே சொல்வேன்.

செதுக்கும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3018 என்ற வகைச் சிறு சிஎன்சி இயந்திரத்தில், அதாவது கணினி வழிநடத்தும் இயந்திரத்தில், வி வடிவ முனையைப் பொருத்தி, தடங்களைச் சுற்றியுள்ள செம்பைச் சுரண்டி எடுக்கலாம். ரசாயனம் வேண்டாம், துளைகளையும் அதுவே போடும். ஆனால் கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த எஃப்ஆர்-4 தகட்டைச் செதுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தாளால் ஆன எஃப்ஆர்-1 தகடு இதற்கு மேலானது என்றாலும், முகமூடியும் தூசி உறிஞ்சியும் அப்போதும் வேண்டும். காப்புப் பூச்சில்லாத குறையும் துளைச்சுவரில் செம்பில்லாத குறையும் இங்கும் அப்படியே தொடர்கின்றன. வேறு வேலைக்காக அந்த இயந்திரத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர் பயன்படுத்தட்டும். பலகைக்காக மட்டும் வாங்குவது வீண்செலவு.

ஷென்ஷெனில் செய்வித்தல்

ஜேஎல்சிபிசிபி, பிசிபிவே போன்ற ஷென்ஷென் ஆலைகள், பலருடைய சிறு வரைபடங்களை ஒரே பெருந்தகட்டில் அடுக்கிச் செய்து வெட்டிக் கொடுப்பதால் சில்லறை ஆணையையும் மலிவாக ஏற்கின்றன. 100க்கு 100 மில்லிமீட்டருக்குள் அடங்கும் இரண்டு அடுக்குப் பலகை ஐந்தை, கவர்ச்சி விலையாக 2 அமெரிக்க டாலருக்கு ஜேஎல்சிபிசிபி விற்று வந்திருக்கிறது. அந்த அளவைச் சற்றே மீறினாலும் விலை துள்ளிவிடும் என்பதால், வரையத் தொடங்குமுன்பே பெட்டியின் அளவைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. அனுப்பும் கட்டணம் பலகையின் விலையைத் தாண்டுவது இயல்பு. அத்துடன், 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களை இணையத்தில் விற்கும் பதிவு பெற்ற விற்பனையாளர்களிடம் வாங்கும்போது, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் சேர்கிறது. எல்லாவற்றையும் கூட்டினாலும், வீட்டில் அரிக்கத் தேவையான தகடு, ரசாயனம், அலகு, தட்டு ஆகியவற்றின் முதல் செலவோடு ஒப்பிட இது பெரிய தொகையன்று.

கைக்கு வருவதோ வேறு தரத்துப் பொருள். 1.6 மில்லிமீட்டர் தடிப்பு, 35 மைக்ரோமீட்டர் செம்பு, துளைச்சுவரில் செம்புப் படிவு, இருபுறமும் காப்புப் பூச்சு, பாகங்களின் பெயர் அச்சு ஆகியவை தனிக் கட்டணமின்றியே வரும். 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கப் பலகையின் நடுவே நீளமான பிளவை வெட்டித் தரச் சொல்லலாம். ஈரத்தோடு தூசி படிந்தாலும் மின்சாரம் பலகையின் மேற்பரப்பில் ஊர்ந்து கடக்க முடியாமல் அது தடுக்கும். பம்பு போன்ற கருவிக்கு இந்த ஒரு வசதியே தேர்வை முடித்துவிடுகிறது. தடத்தின் அகலத்தை மட்டும் நாமே கணக்கிட வேண்டும். அந்தச் செம்புத் தடிப்பில் 1 மில்லிமீட்டர் அகலத் தடம் 10 பாகை செல்சியஸ் சூடேற்றத்திற்கு ஏறத்தாழ 2.4 ஆம்பியர் தாங்கும். ரிலேயின் மேல் எழுதியிருக்கும் 10 ஆம்பியரை நம்பி வரைவதானால் தடம் 7 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அரைக் குதிரைத்திறன் பம்பு ஓடும்போது இழுப்பது குறைவுதான் என்றாலும், தொடங்கும் நொடியில் அதன் பல மடங்கு இழுக்கும் என்பதால் இடமிருக்கும்வரை தடத்தை அகலமாக்குவதே முறை.

இந்த வழியின் விலை, காத்திருப்பு. ஆலையில் ஒன்றிரண்டு நாள்; பின்னர் வானூர்தி, சுங்கம், கூரியர் எல்லாம் கடந்து பாடாங் செராய் வந்து சேர, தேர்ந்தெடுத்த கட்டணத்தைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ. சீனப் புத்தாண்டை ஒட்டி அங்கே ஆலைகள் மூடப்படும், இங்கே கூரியரும் ஓய்வெடுக்கும். தைப்பூசத்திற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட ஆணை மாதக்கணக்கில் இழுக்கக்கூடும். ஆகவே பிழைகளை அனுப்புமுன்பே பிடித்தாக வேண்டும், அதற்கான வழிகளும் உள்ளன. சர்க்கியூட் வேலை செய்கிறதா என்பதை 5 வோல்ட் பக்கத்தை மட்டும் பிரெட்போர்டில் கட்டி அறியலாம். பாகங்கள் பொருந்துமா என்பதை வரைபடத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, கையிலிருக்கும் ரிலேயின் கால்களைத் தாளில் குத்திப் பார்த்து அறியலாம். தடங்கள் உரசுகின்றனவா என்பதை மென்பொருளின் விதிச்சோதனை சொல்லும்.

இந்த மூன்று வலைகளிலும் சிக்காமல் நழுவும் பிழை ஒன்றுண்டு, அது கால்களின் வரிசை. தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் பிசி547 டிரான்சிஸ்டரின் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இன் கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். வடிவமோ ஒன்றே. வரைபடத்தில் ஒன்றைப் போட்டுக் கடையில் மற்றொன்றை வாங்கினால் தாளும் பொருந்தும், விதிச்சோதனையும் பாராட்டும், ரிலே மட்டும் ஒழுங்காக இயங்காது. பாகத்தின் தரவுத்தாளைத் திறந்து ஒவ்வொரு காலாகச் சரிபார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை. நல்ல வேளையாக, ஆலைப் பலகையில் வந்த பிழையும் பெரும்பாலும் உயிர்கொல்லியன்று: டிரான்சிஸ்டரைத் திருப்பிப் பொருத்தலாம், தவறான தடத்தைக் கத்தியால் அறுத்து மெல்லிய கம்பியால் மாற்றுவழி போடலாம். ஐந்து பலகைகள் வருவதால் ஒன்றை இப்படிப் பலிகொடுத்துச் சோதித்து, எல்லாப் பிழைகளையும் சேகரித்துக்கொண்டு இரண்டாம் ஆணையை அனுப்பலாம். அதிலும் 230 வோல்ட் பக்கத்தில் கத்திவேலை கூடாது. அங்கே பிழையென்றால் புதுப் பலகைதான்.

பாகங்களையும் ஆலையே பொருத்தித் தரும் சேவையும் உண்டு. ஆலையின் அடிப்படைப் பட்டியலில் இல்லாத பாகமானால் ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 3 டாலர் தனிக்கட்டணம் விழும்; நான்கைந்து வகை சேர்ந்தால் பலகையின் விலையே மறந்துபோகும். நம் எடுத்துக்காட்டில் எல்லாம் கால் வைத்த பெரிய பாகங்கள், அச்சேவை வேண்டாம். கால்களே வெளியில் தெரியாத நுண்சில்லுகளைக் கொண்ட பலகையானால் வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு, அதாவது 2 மில்லிமீட்டர் நீளமுள்ள 0805 மின்தடை போன்றவற்றுக்கு, வீட்டு ஈயக்கோலே போதும். அதுவும் தடுமாற்றமாக இருந்தால், நம் பட்டணத்தில் ஒரு வசதி இருக்கிறது: தொழிற்பேட்டையில் பழுதுநீக்கும் பிரிவில் பணியாற்றும் அண்ணனோ அக்காவோ எந்தத் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) ஒருவராவது இருப்பார். காணொளிகள் கற்றுத்தராத கைப்பழக்கத்தை அவர்கள் வாசலில் உட்கார்ந்தபடியே காட்டிவிடுவார்கள்.

வரைவதற்கு எந்த மென்பொருள்

ஈகிள் மென்பொருளைப் பழைய பாடங்கள் பலவும் பரிந்துரைத்தாலும் இன்று புதிதாக அதைத் தொடங்க வேண்டாம். அதை 2016இல் வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூனோடு நிறுத்தப் போவதாக 2023இலேயே அறிவித்தது. எஞ்சிய தேர்வு ஈசிஈடிஏவுக்கும் கீகேடுக்கும் இடையில். ஈசிஈடிஏ உலாவியிலேயே திறக்கும். ஜேஎல்சிபிசிபி சார்ந்த குழுமத்தின் பாகக் கடையோடு இணைந்திருப்பதால், விற்பனையில் இருக்கும் பாகத்தை அதன் கால் அமைப்போடு இழுத்து வைக்கலாம், ஆணையையும் அங்கிருந்தே அனுப்பலாம். ஒரு பலகையோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது சுருக்கமான வழி.

கீகேட் 1992இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஜான்-பியர் ஷாரா தொடங்கிய கட்டற்ற மென்பொருள். 2013 முதல் ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமான செர்னும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. கற்க அதிக நேரம் பிடிக்கும். ஆனால் கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும், இணையம் தேவையில்லை, எந்த ஆலைக்கும் ஏற்ற கெர்பர் கோப்புகளை, அதாவது பலகை செய்ய ஆலைகள் கேட்கும் பொது வடிவக் கோப்புகளை, தரும். மழை பெய்தால் இணையம் படுத்துவிடும் தோட்டத்து வீடுகளில் இது சிறிய நன்மையன்று. இரண்டாவது பலகை ஒன்றை வரையும் எண்ணம் சிறிதேனும் இருப்பவர் கீகேடையே கற்பது நல்லது என்பது என் துணிவு.

ஆகவே பம்புப் பலகைக்கு என் தேர்வு: 5 வோல்ட் பக்கத்தைப் பிரெட்போர்டில் ஓட்டிப் பார்த்து, கீகேடில் வரைந்து, தாளில் அச்சிட்டுச் சரிபார்த்து, அவசரமில்லாத மலிவான அனுப்புமுறையில் ஷென்ஷெனில் செய்விப்பது. கோவில் திருவிழாவுக்கு அடுத்த வாரமே வேண்டும் என்று யாரேனும் 12 வோல்ட் விளக்குக் கட்டுப்பாட்டைக் கேட்டால் டோனட் போர்டு. தாழ்ந்த மின்னழுத்தம், ஒரே ஒரு கருவி, குறுகிய கெடு ஆகிய மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன.

ஐந்து பலகை வாங்கினால் நான்கு மிஞ்சுமே என்ற கேள்வி இருக்கிறது. வரையும்போதே மைக்ரோகண்ட்ரோலரின் பயன்படாத கால்களையெல்லாம் பலகையின் ஓரத்தில் துளைகளாக வெளியே கொண்டுவந்து, 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இரண்டிரண்டு துளைகளைக் கூடுதலாக வைத்தால், மிஞ்சும் பலகையில் ரிலேயையும் மின்வழங்கியையும் பொருத்தாமல் விட்டு, கைப்பேசிச் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, வெப்பநிலை உணரிக்கோ மண்ணீர உணரிக்கோ பயன்படுத்தலாம். இந்தத் துளைகளுக்கு ஆலை கூடுதலாக ஒரு காசும் கேட்பதில்லை.